"புள்ளையை எங்க விட்டுட்டு வர்றது?" - போதையிலிருந்து மீளும் அம்மாக்களுக்கான வீடுகள் எப்படி இயங்குகின்றன?

போதை மறுவாழ்வு மையத்துக்கு ஓர் ஆண் கிளம்பினால் வீட்டில் கேட்கப்படும் முதல் கேள்வி, "எத்தனை நாள் ஆகும்?" என்பதுதான். அதே முடிவை ஓர் அம்மா எடுத்தால் கேள்வியே மாறிவிடுகிறது. "அப்போ புள்ளைங்களை யார் பார்த்துக்குவா?"

இதற்குப் பதில் கிடைக்காமலேயே பல பெண்களின் சிகிச்சை தொடங்கும் முன்பே முடிந்துபோகிறது. உலகில் போதைப்பொருள் பயன்படுத்துபவர்களில் மூன்றில் ஒருவர் பெண், ஆனால் சிகிச்சையில் இருப்பவர்களில் ஐந்தில் ஒருவர்தான் பெண் என்று ஐ.நா.வின் போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகம் 2015-ம் ஆண்டு அறிக்கையில் சொன்னது. நடுவில் காணாமல் போகும் அந்தப் பெண்கள் எங்கே? பெரும்பாலும் வீட்டில்தான். பாட்டிலை ஒளித்து வைத்துக்கொண்டு, பிள்ளைக்கு டிபன் கட்டிக்கொண்டு.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'குடிகாரன்' என்ற சொல்லை நம்ம ஊரில் கோபமாகச் சொல்வார்கள், கிண்டலாகச் சொல்வார்கள், சில நேரம் பாசமாகக்கூடச் சொல்வார்கள். 'குடிகாரி' என்ற சொல்லுக்கு அந்தச் சலுகை எதுவும் கிடையாது.

அம்மாவும் பிள்ளையும் சேர்ந்தே தங்கி மீண்டு வருவதற்கான வீடுகள் என்ற யோசனை இந்த இடத்தில்தான் வருகிறது. இதில் அதிக அனுபவம் உள்ள நாடு அமெரிக்கா. அதிகத் தவறு செய்ததும் அதே நாடுதான். அதனால் அங்கிருந்தே பார்ப்போம்.

29-வது நாள் எங்கே போவது?

அமெரிக்காவில் போதை சிகிச்சை என்றாலே 28 நாள் என்று ஒரு கணக்கு பல காலமாக இருந்துவருகிறது. உடம்பிலிருந்து போதை இறங்க சில நாள், பிறகு கவுன்சலிங், குழுக் கூட்டங்கள், பிறகு டிஸ்சார்ஜ். பிரச்னை 29-வது நாள் ஆரம்பிக்கும். வெளியே வருபவர் எந்தத் தெருவில், எந்த ஆட்களோடு சேர்ந்து போதை எடுத்தாரோ அதே தெருவுக்குத்தான் திரும்பப் போகவேண்டும். பெண்களுக்கு இது இன்னும் மோசம். பலருக்குப் போதையைப் பழக்கியதே காதலனோ கணவனோதான். வீட்டுக்குப் போவதென்றால் அந்த ஆளிடம் போவதுதான்.

இந்த இடைவெளியை நிரப்புபவைதான் இடைக்கால இல்லங்கள். எல்லாமே ஒரே மாதிரி இருக்காது. டாக்டர், கவுன்சலர் எல்லாரும் உள்ளேயே இருக்கும் குடும்ப சிகிச்சை மையங்கள் ஒரு வகை. அங்கே அம்மா சிகிச்சையில் இருக்கும்போதே குழந்தையும் கூடத் தங்கும். சிகிச்சை முடிந்தவர்கள் சேர்ந்து வாடகை கொடுத்து வாழும் வீடுகள் இரண்டாவது வகை. மூன்றாவது, சிறையிலிருந்தோ தெருவிலிருந்தோ வருபவர்களைச் சில மாதங்களோ ஓரிரு வருடமோ தங்கவைத்து, வேலையும் சொந்த வீடும் அமையும் வரை தாங்கிப்பிடிக்கும் இல்லங்கள். நிஜத்தில் இந்த மூன்றும் ஒன்றோடொன்று கலந்தேதான் இருக்கும்.

ஒரு வாடகை வீடு, மூன்று விதிகள்

இரண்டாவது வகையில் உலகம் முழுக்கப் பேசப்படும் பெயர் ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸ். பெயரைப் பார்த்து இங்கிலாந்து என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தில் சில்வர் ஸ்பிரிங் என்ற ஊரில் 1975-ல் தொடங்கியது. பால் மொல்லாய் என்ற வழக்கறிஞர் குடிப்பழக்கத்தால் எல்லாவற்றையும் இழந்து ஒரு மறுவாழ்வு இல்லத்தில் தங்கியிருந்தார். உள்ளூர் நிர்வாகம் பணம் இல்லையென்று அந்த இல்லத்தை மூட முடிவெடுத்தது. தங்கியிருந்தவர்கள், "நாமே வாடகையைப் பிரித்துக் கொடுத்து இந்த வீட்டை நடத்தினால் என்ன?" என்று யோசித்தார்கள். நடத்தியும் காட்டினார்கள்.

அவர்கள் வைத்த விதிகள் மூன்று. வீட்டை ஓட்டுப் போட்டு ஜனநாயக முறையில் நடத்தவேண்டும். செலவை எல்லாரும் சமமாகப் பகிரவேண்டும், யாரையும் நம்பி இருக்கக்கூடாது. யாராவது மறுபடி குடித்தாலோ போதை எடுத்தாலோ உடனே வெளியேறவேண்டும். வார்டன் கிடையாது, வாட்ச்மேன் கிடையாது, சம்பளத்துக்கு ஆள் கிடையாது. தலைவர், செயலாளர், பொருளாளர், வீட்டு வேலைகளைப் பிரித்துக் கொடுப்பவர் எல்லாருமே தங்கியிருப்பவர்கள்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பதவி மாறும். புதிதாக ஒருவர் சேரவேண்டுமென்றால் ஏற்கெனவே இருப்பவர்களில் 80% பேர் ஓட்டுப் போடவேண்டும்.

முக்கியமான விஷயம், எத்தனை நாள் தங்கலாம் என்பதற்குக் கெடு இல்லை. பழைய இல்லத்தில் ஆறு மாதம் முடிந்தால் கிளம்பியாக வேண்டும். அப்படிக் கிளம்பியவர்களில் பலர் சீக்கிரமே மறுபடி குடிக்க ஆரம்பித்ததை மொல்லாய் பார்த்திருந்தார். அதனால் வாடகை கட்டி, விதியை மீறாமல் இருந்தால் மாதக்கணக்கிலும் இருக்கலாம், வருடக்கணக்கிலும் இருக்கலாம் என்று வைத்தார்கள்.

இது வேலை செய்கிறதா? டிபால் பல்கலைக்கழகத்தின் லியோனார்ட் ஜேசன் குழு இல்லினாய்ஸில் சிகிச்சை முடித்த 150 பேரை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் பாதிப் பேரை ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸுக்கும் மீதிப் பேரை வழக்கமான பின்கவனிப்புக்கும் அனுப்பியது. முடிவுகள் 2006-ல் வெளியாயின. இரண்டு வருடம் கழித்து, வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 64.8% பேர் போதையில் இருந்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸுக்குப் போனவர்களில் 31.3%. சராசரி மாத வருமானமும் அவர்களுக்கு இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. இத்தனைக்கும் அங்கே மருந்தோ டாக்டரோ கிடையாது. ஒரு வீடு, சில சக மனிதர்கள், வாரம் ஒரு மீட்டிங். அவ்வளவுதான்.

இன்று அமெரிக்காவில் 3,000-க்கும் மேற்பட்ட ஆக்ஸ்ஃபோர்டு வீடுகள் உள்ளன. ஆணும் பெண்ணும் ஒரே வீட்டில் தங்க முடியாது. ஆண்களுக்கான வீடுகளே அதிகம். பெண்களுக்கானவை குறைவு, குழந்தையோடு பெண்கள் தங்கக்கூடியவை அதிலும் குறைவு. காரணம் ஊகிக்கக்கூடியதுதான். குழந்தை இருந்தால் ஓர் அறையில் இரண்டு பெரியவர்களைப் போட முடியாது. தலைக்கு வரும் வாடகை ஏறிவிடும். ராத்திரி மூன்று மணிக்குக் குழந்தை அழுதால், காலை ஷிஃப்டுக்குப் போகவேண்டிய பக்கத்து அறைக்காரிக்குக் கோபம் வரும். ஓட்டுப் போட்டுத் தீர்க்கவேண்டிய பிரச்னைகள் கூடிக்கொண்டே போகும்.

அக்கம்பக்கத்து எதிர்ப்பும் சாதாரணமானது இல்லை. "எங்க ஏரியாவுல இவங்க வேண்டாம்" என்ற குரல் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் ஒலிக்கும்போல. வாஷிங்டன் மாநிலத்தில் எட்மண்ட்ஸ் என்ற ஊரின் நிர்வாகம், தனிக் குடும்பங்களுக்கான பகுதியில் ரத்த உறவு இல்லாத ஐந்து பேருக்கு மேல் ஒரே வீட்டில் இருக்கக்கூடாது என்ற விதியைக் காட்டி, அங்கிருந்த ஆக்ஸ்ஃபோர்டு வீட்டின்மீது நடவடிக்கை எடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. போதையிலிருந்து மீள்பவர்களும் மாற்றுத்திறனாளிகளுக்கான வீட்டுவசதிச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வருவார்கள், இந்த மாதிரி விதிகள் அந்தச் சட்டத்திலிருந்து தப்பிக்க முடியாது என்று 1995-ல் 6-க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. அந்த ஒரு தீர்ப்பு இல்லையென்றால் இந்த வீடுகளில் பலவற்றுக்கு விலாசமே கிடைத்திருக்காது.

பஸ் ஸ்டாண்டில் காத்திருந்த பெண்

ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸ் ஆண்கள் தொடங்கியது. ஒரு பெண் தொடங்கினால் எப்படி இருக்கும் என்பதற்கு சூசன் பர்ட்டன் உதாரணம்.

லாஸ் ஏஞ்சலீஸின் ஏழைக் குடியிருப்பில் வளர்ந்தவர் சூசன். 1980-களின் தொடக்கத்தில் அவருடைய ஐந்து வயது மகன், வீட்டுக்கு அருகே சாலையைக் கடக்கும்போது ஒரு போலீஸ் துப்பறிவாளர் ஓட்டிவந்த வேன் மோதி இறந்துபோனான். அந்தத் துக்கத்தைத் தாங்க முடியாமல் குடி, பிறகு கிராக் கொக்கெய்ன். அடுத்த பதினைந்து வருடங்களுக்கு மேல் சிறைக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். மொத்தம் ஆறு முறை சிறைத் தண்டனை. ஒருமுறைகூட யாரும் அவரைச் சிகிச்சைக்கு அனுப்பவில்லை.

1997-ல் சான்டா மோனிகா என்ற வசதியான கடற்கரைப் பகுதியில் இருந்த ஒரு சிகிச்சை மையத்தில் சூசனுக்கு இடம் கிடைத்தது. அங்கேதான் அவருக்கு ஒரு விஷயம் உறைத்தது. தான் எந்தக் குற்றத்துக்குச் சிறைக்குப் போனாரோ, அதே குற்றத்துக்கு அந்தப் பகுதியில் மாட்டுபவர்களுக்குச் சிகிச்சையும் கூட்டங்களுக்குப் போகச் சொல்லும் நீதிமன்றச் சீட்டும்தான் கிடைத்தன. ஊர் மாறினால் சட்டமே வேறு மாதிரி நடக்கிறது.

மீண்டு வந்தவர், முதியோரைக் கவனிக்கும் வேலைக்கு லைசென்ஸ் எடுக்கப் பார்த்தார். குற்றப் பின்னணி காரணமாக மறுத்துவிட்டார்கள். 1998-ல், சேர்த்து வைத்த பணத்தில் தெற்கு லாஸ் ஏஞ்சலீஸின் வாட்ஸ் பகுதியில் ஒரு சின்ன வீட்டைப் பிடித்தார். அடுக்குக் கட்டில்கள் போட்டார். பிறகு நகரின் பஸ் நிலையத்துக்குப் போய் நின்றார். சிறையிலிருந்து விடுதலையாகும் பெண்கள் கையில் 200 டாலரோடு வந்து இறங்கும் இடம் அது. வீடில்லாதவர்களும் போதை வியாபாரிகளும் நிறைந்த ஸ்கிட் ரோ பகுதி பக்கத்திலேயே. யார் இறங்குவார்கள், யார் வந்து பேச்சுக் கொடுப்பார்கள், அடுத்த சில மணி நேரத்தில் என்ன நடக்கும் என்பதெல்லாம் சூசனுக்கு அத்துப்படி. அதே இடத்தில் ஆறு முறை வந்து நின்றவர் அல்லவா.

'எ நியூ வே ஆஃப் லைஃப்' என்ற அவருடைய அமைப்பு இப்போது பல வீடுகளை நடத்துகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அங்கே தங்கிப் போயிருக்கிறார்கள். அரசு காப்பகத்துக்குப் போய்விட்ட பிள்ளைகளைத் திரும்பப் பெறச் சட்ட உதவியும் அங்கே உண்டு. 2010-ல் சி.என்.என் தேர்ந்தெடுத்த பத்து நாயகர்களில் ஒருவராக வந்தார். 2017-ல் தன் கதையைப் புத்தகமாகவும் எழுதினார்.

வீடு, சாப்பாடு என்றால் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். 1996-ல் வந்த அமெரிக்க நலத்திட்டச் சட்டம், போதைப்பொருள் குற்றத்தில் தண்டனை பெற்றவர்களுக்கு உணவு மானியம், குடும்ப உதவித்தொகை இரண்டையும் ஆயுளுக்கும் தடைசெய்தது. மாநிலங்கள் விரும்பினால் தளர்த்திக்கொள்ளலாம், பல மாநிலங்கள் மெதுவாகத்தான் தளர்த்தின. அரசுக் குடியிருப்பிலும் இடம் மறுக்கலாம். அதாவது ஒரு பெண் போதையை விட்டுவிட்டு, சிறையை விட்டும் வெளியே வந்தாலும் வீடு கிடையாது, உணவு மானியம் கிடையாது. வீடு இல்லாததால் பிள்ளையும் திரும்பக் கிடைக்காது.

22-ல் 15: ஓடிக்கொண்டே இருக்கும் கடிகாரம்

இந்த விஷயத்தைப் பற்றிப் படிக்கும்போது என்னை ரொம்பத் தொந்தரவு செய்தது இந்தக் கணக்குதான்.

1997-ல் அமெரிக்காவில் 'தத்தெடுப்பு மற்றும் பாதுகாப்பான குடும்பங்கள் சட்டம்' வந்தது. நோக்கம் நல்லதுதான். அரசு பராமரிப்பில் குழந்தைகள் வருடக்கணக்கில் ஒரு வீடு மாற்றி ஒரு வீடு அலைவதைத் தடுக்கவேண்டும் என்பது. அதற்காக ஒரு கெடு வைத்தார்கள். கடைசி 22 மாதங்களில் 15 மாதங்கள் குழந்தை அரசு பராமரிப்பில் இருந்துவிட்டால், பெற்றோரின் உரிமையை நிரந்தரமாக ரத்துசெய்ய மாநில அரசு மனு போடவேண்டும். சில விதிவிலக்குகள் உண்டு. ஆனால் பொதுவிதி அதுதான்.

இப்போது போதையில் இருக்கும் ஓர் அம்மாவின் நாட்காட்டியைப் பாருங்கள். குழந்தை அரசு பராமரிப்புக்குப் போய்விட்டால் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடுகிறது. சிகிச்சைக்கு இடம் கிடைக்க வெயிட்டிங் லிஸ்ட். சில மாதங்கள் அதில் போகும். சேர்ந்த பிறகு ஒருமுறை சறுக்கினால் முதலிலிருந்து. சர்க்கரை நோய், பி.பி மாதிரி போதை அடிமைத்தனமும் திரும்பத் திரும்ப வரக்கூடிய நாள்பட்ட நோய்தான் என்று மருத்துவம் சொல்கிறது. ஒருமுறை சறுக்குவது சிகிச்சை தோற்றதற்கு அடையாளம் இல்லை. ஆனால் கோர்ட் நாட்காட்டியில் அதற்கு இடம் கிடையாது. நோய் ஒரு வேகத்தில் குணமாகிறது, சட்டம் வேறு வேகத்தில் ஓடுகிறது. 15-வது மாதம் அம்மா தெளிந்து நிற்கும்போது பிள்ளை சட்டப்படி அவளுடையதாக இல்லாமல் போகலாம்.

அம்மாவும் பிள்ளையும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் இந்தக் கடிகாரம் வேறு மாதிரி ஆகிவிடுகிறது. பிள்ளையைப் பிரிக்கவேண்டிய தேவையே பல வழக்குகளில் எழுவதில்லை. 2018-ல் வந்த 'குடும்பமே முதலில்' சட்டம் இதை ஓரளவு ஒப்புக்கொண்டது. அதுவரை குழந்தையை வேறு குடும்பத்தில் வைத்தால் அதற்கு மத்திய அரசின் பராமரிப்புப் பணம் வரும். இந்தச் சட்டத்துக்குப் பிறகு, சிகிச்சை மையத்தில் அம்மாவோடேயே குழந்தையை வைத்தாலும் 12 மாதம் வரை அந்தப் பணம் வரும். பிரித்து வைக்க மட்டும் கொடுத்த காசைச் சேர்த்து வைக்கவும் கொடுக்கலாம் என்ற எளிய யோசனைக்கு வர இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

கர்ப்பிணிகளுக்குத் தனி விதி உண்டு. மத்திய அரசின் போதைத் தடுப்பு நிதி வாங்கும் மையங்கள், கர்ப்பிணி வந்தால் முதல் இடம் அவருக்குத்தான் தரவேண்டும். இடமே இல்லையென்றால் 48 மணி நேரத்துக்குள் தற்காலிக உதவியாவது தொடங்கவேண்டும். இது காகிதத்தில். நிஜத்தில் பல கர்ப்பிணிகள் மருத்துவமனைக்கே பயப்படுகிறார்கள். பயத்துக்குக் காரணம் இருக்கிறது. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் ஒரு பொது மருத்துவமனை கர்ப்பிணிகளின் சிறுநீரை அவர்களின் சம்மதம் இல்லாமல் பரிசோதித்து முடிவை போலீஸுக்குக் கொடுத்துவந்தது. 2001-ல் உச்ச நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு எதிரானது என்றது. ஆனாலும் 2014 முதல் 2016 வரை டென்னசி மாநிலத்தில், கர்ப்பகாலப் போதைப் பயன்பாட்டுக்காக அம்மாவைக் கைதுசெய்யவே ஒரு சட்டம் இருந்தது. டாக்டரிடம் உண்மையைச் சொன்னால் பிள்ளை போய்விடும் என்று நினைக்கும் பெண், டாக்டரிடமே போகமாட்டாள்.

வீட்டுக்குள் ஒரு நாள்

சரி, இப்படிப்பட்ட வீட்டில் என்னதான் நடக்கும்? கேட்டால் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருக்கும். எல்லாம் சாதாரண விஷயங்கள். காலையில் நேரத்துக்கு எழுவது. பிள்ளையை ஸ்கூல் பஸ் ஏற்றுவது. கவுன்சலிங் அல்லது வேலை. சாயங்காலம் குழுக் கூட்டம். சமையல் முறை யாருக்கு, பாத்ரூம் கழுவும் முறை யாருக்கு என்று சுவரில் ஒட்டிய பட்டியல். திடீரென்று சிறுநீர்ப் பரிசோதனை. இரவு இத்தனை மணிக்குள் உள்ளே வரவேண்டும் என்ற கட்டுப்பாடு.

ஆனால், பல வருடம் போதையில் இருந்த ஒருவருக்கு இந்தச் சாதாரணம்தான் கஷ்டம். பிள்ளைக்கு ஜுரம், வாடகை பாக்கி, பழைய காதலனின் போன் கால் என எல்லாவற்றுக்கும் இதுவரை ஒரே பதில்தான் இருந்தது. இப்போது அந்தப் பதில் இல்லாமல் ஒரு செவ்வாய்க்கிழமையைக் கடக்கவேண்டும்.

பிள்ளைகள் பக்கமும் இருக்கிறது. போதைக் குடும்பத்தில் வளரும் பிள்ளை சீக்கிரமே பெரிய மனுஷியாகிவிடுகிறது. தம்பிக்குப் பால் கலக்குவது, அம்மா எழுந்துவிட்டாளா என்று பார்ப்பது, ஸ்கூலில் பொய் சொல்வது எல்லாம் ஏழு, எட்டு வயதிலேயே கைவந்துவிடும். அம்மா தெளிந்துவந்து, "ஹோம்வொர்க் செஞ்சியா?" என்று கேட்டால் முதலில் கோபம்தான் வரும். "இத்தனை நாள் எங்க போனே?" என்ற கோபம். நல்ல மையங்களில் இதற்காகவே குழந்தைகளுக்குத் தனி கவுன்சலர் இருப்பார். அம்மாவுக்கும் பிள்ளை வளர்ப்பு வகுப்பு இருக்கும். கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் தன் அம்மாவும் போதையிலேயே இருந்த ஒரு பெண்ணுக்கு, தாலாட்டித் தூங்கவைப்பது எப்படி என்று யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்?

பெண்களின் போதைக்குப் பின்னால் பெரும்பாலும் அடி, பாலியல் வன்முறை, இழப்பு என்று ஏதாவது ஒன்று இருக்கிறது. போதை இறங்கியதும் அதுவரை அமுக்கி வைத்திருந்த நினைவுகள் மேலே வரும். ஆண்களுக்காக உருவான பழைய முறையில் குழுவில் எழுந்து நின்று எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ளவேண்டும், மற்றவர்கள் கடுமையாகக் கேள்வி கேட்பார்கள். வன்முறையைப் பார்த்த பெண்ணுக்கு அது மறுபடி அடி வாங்குவது மாதிரி. அதனால்தான் பெண்களுக்கு மட்டுமான குழுக்கள், பூட்டக்கூடிய அறைக் கதவு, முன் அனுமதி இல்லாமல் ஆண்கள் உள்ளே வரக்கூடாது என்ற விதி எல்லாம் முக்கியமாகின்றன.

உடம்பும் வேறுதான். ஒரே அளவு மது குடித்தாலும் பெண்ணின் ரத்தத்தில் அதன் அளவு அதிகமாக ஏறும், ஏனென்றால் உடம்பில் நீர்ச்சத்து குறைவு. பழக ஆரம்பித்ததிலிருந்து அடிமையாகும் வரை எடுக்கும் காலமும் பெண்களுக்குக் குறைவு.

மாத்திரை சாப்பிட்டால் 'சுத்தம்' இல்லையா?

இந்த வீடுகளுக்குள் ஒரு பெரிய சண்டை நடந்துகொண்டிருக்கிறது. ஹெராயின், வலி மாத்திரைகள் போன்ற ஓபியாய்டு வகைகளுக்கு மெத்தடோன், புப்ரெனார்ஃபின் என்ற மருந்துகள் உண்டு. ஏக்கத்தைக் குறைத்து உயிரைக் காப்பாற்றும் மருந்துகள். கர்ப்பிணிக்குத் திடீரென எல்லாவற்றையும் நிறுத்துவதைவிட இவற்றைக் கொடுப்பதே பாதுகாப்பு என்பது மகப்பேறு மருத்துவர்களின் நிலை. ஆனால், "அதுவும் போதைதான்" என்று சொல்லி இந்த மருந்து எடுப்பவர்களைச் சேர்க்க மறுக்கும் வீடுகள் நிறைய. டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்துக்காக ஒருவரை மறுப்பது மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி பாகுபாடு என்று அமெரிக்க நீதித்துறை 2022 ஏப்ரலில் தெளிவாக்கியது. என் கருத்தைக் கேட்டால், மருந்தா வீடா என்று ஒரு தாயைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது கொடுமை.

கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் ஓவர்டோஸ் மிகக் குறைவு, பிரசவம் முடிந்து ஏழாவது மாதத்திலிருந்து 12-வது மாதத்துக்குள் மிக அதிகம் என்று மசாசூசெட்ஸ் மாநிலத்தில் நடந்த ஆய்வு ஒன்று 2018-ல் காட்டியது. குழந்தை பிறந்ததும் எல்லாரும் கைதட்டிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். மருத்துவ உதவி குறைகிறது, தூக்கம் போகிறது, மன அழுத்தம் வருகிறது. இடைப்பட்ட நாளில் உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியையும் இழந்திருக்கும். முன்பு எடுத்த அதே டோஸ் இப்போது உயிரை எடுக்கும். 28 நாள் போதாது, குழந்தைக்கு ஒரு வயதாகும் வரையாவது ஒரு வீடு வேண்டும் என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கைத்தான் காட்டுகிறார்கள்.

கள்ள வீடுகளும் இருக்கின்றன. அரிசோனாவில் 'நிதான வீடு' என்ற பெயரில் பூர்வகுடி மக்களை ஆசைகாட்டி அழைத்துவந்து, கொடுக்காத சிகிச்சைக்கு அரசுக் காப்பீட்டில் பில் போட்ட பெரிய மோசடி 2023-ல் வெளியே வந்தது. மோசடி மையங்களுக்குப் பணம் நிறுத்தப்பட்டதும், அங்கிருந்த பலர் ஊர் பேர் தெரியாத நகரத்தின் தெருவில் நின்றார்கள்.

நம்ம ஊரில் என்ன இருக்கிறது?

போதை சிகிச்சை தமிழ்நாட்டுக்குப் புதிது அல்ல. குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையின் மருத்துவமனை, இந்தியாவின் முன்னோடி மையங்களில் ஒன்று. 1992-ல் அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. குடிப்பவருக்கு மட்டுமல்ல, மனைவிக்கும் குடும்பத்துக்கும் கவுன்சலிங் தேவை என்பதை இங்கே பழக்கமாக்கியதில் அந்த மையத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால், குடிப்பவர் மனைவியாக இருந்தால்? மத்திய அரசு 2019-ல் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, 10 முதல் 75 வயது வரையிலான ஆண்களில் 27.3% பேரும், பெண்களில் 1.6% பேரும் மது அருந்துகிறார்கள். சதவிகிதத்தில் சின்ன எண். மக்கள்தொகையில் வைத்துப் பார்த்தால் கோடிக்குக் கொஞ்சம் கீழே. ஆனால் மறுவாழ்வு மையங்களில் பெரும்பாலானவை ஆண்களை நினைத்தே கட்டப்பட்டவை. பிள்ளையோடு தங்கலாமா என்று கேட்டால், கேள்வியே புரியாத மாதிரி பார்ப்பார்கள்.

அதேசமயம், பலருக்குத் தெரியாத ஒரு சட்டம் நம்மிடம் இருக்கிறது. 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். மது, போதைப்பொருள் பழக்கத்தோடு தொடர்புடைய மனநிலைகளும் இந்தச் சட்டத்தின் வரையறைக்குள் வரும். இதன் 21-வது பிரிவு சொல்வது: மனநல மையத்தில் சிகிச்சை பெறும் பெண்ணிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக்கூடாது. அம்மாவின் நிலையால் குழந்தைக்கு ஆபத்து என்று டாக்டர் கருதினால் தற்காலிகமாகப் பிரிக்கலாம். அப்போதும் 15 நாளுக்கு ஒருமுறை அந்த முடிவைப் பரிசீலிக்கவேண்டும். 30 நாளுக்கு மேல் பிரித்து வைக்க, மனநல ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும்.

அதே சட்டத்தின் 18-வது பிரிவு, அரசு தரவேண்டிய சேவைகளின் பட்டியலில் இடைக்கால இல்லங்களையும் ஆதரவோடு கூடிய தங்குமிடங்களையும் சேர்த்திருக்கிறது. 19-வது பிரிவு, குடும்பம் ஏற்கவில்லை என்பதற்காகவோ வீடில்லை என்பதற்காகவோ ஒருவரை மையத்திலேயே அடைத்து வைக்கக்கூடாது என்கிறது. அமெரிக்காவில் வழக்குப் போட்டு வாங்கிய சில விஷயங்கள் இங்கே சட்டத்தில் எழுதியே இருக்கின்றன. கட்டடமும் கட்டிலும்தான் குறைவு. மூன்று வயதைத் தாண்டிய பிள்ளைக்கு இந்தச் சட்டத்தில் வழி இல்லை என்பதும் உண்மை.

உங்கள் வீட்டிலோ நட்பிலோ யாருக்காவது மையம் தேடுகிறீர்கள் என்றால், முதலில் அது மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றதா என்று கேளுங்கள். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லலாம், தப்பில்லை. பெண்களுக்குத் தனிப் பகுதியும் பெண் பணியாளர்களும் இருக்கிறார்களா, இரவில் யார் பொறுப்பு, மனநல மருத்துவர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார், போன் பேச விடுவார்களா என்று கேளுங்கள். மூன்று வயதுக்குள் குழந்தை இருந்தால் 21-வது பிரிவைச் சொல்லியே கேளுங்கள். தினமும் குடிப்பவரை வீட்டிலேயே அடைத்து வைத்துத் திடீரென நிறுத்தவைக்க வேண்டாம். வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு.

போதைப் பழக்கத்துக்கான தேசிய இலவச உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் எண் 14416, தமிழிலும் பேசலாம். வீட்டில் அடி, மிரட்டல் இருந்து உடனே வெளியேறித் தங்க இடம் வேண்டுமென்றால் பெண்கள் உதவி எண் 181. தங்குமிடத்துக்கு அனுப்பும் முன், மகனாக இருந்தால் எத்தனை வயது வரை கூட வைத்துக்கொள்ளலாம் என்பதையும் அந்த போனிலேயே கேட்டுவிடுங்கள். பெண்கள் இல்லங்களில் ஆண் பிள்ளைகளுக்கு வயது வரம்பு உண்டு.